பச்சை நைலான் கயிறு

தாலுகா ஆபீஸ் பின்புறம்
வேலிக்கருவை மேலேறி
நான்கு வருஷம் நின்ற மாசி 1035.
மணல் கேஸ்.
ட்ரெய்லரில் பொன்னையாற்று மணல் இன்னும் ஒரு சாண்;
அதில் ஆமணக்குச் செடி ஒன்று காய்த்திருந்தது.
ஏலத்தில் என்னோடு கேட்ட மூன்று பேரும்
இரும்புக்கடைக்காரர்கள்.
கிலோக்கணக்கில் யோசிப்பவர்களை ஜெயிப்பது சுலபம்.
கையெழுத்து வாங்கிய கிளார்க்
"ஊட்ல சார் வரலியா?" என்றார்.
சார் தூங்குகிறார் என்றேன்.
அது உண்மையும்கூட.

வாரத்தில் ஆறு நாள் நான் பார்ப்பது ரத்தம்.
ஒரு சொட்டில் ஒருவரின் அடுத்த வருஷம் தெரிந்தாலும்
வாயைத் திறக்கக் கூடாது, அது டாக்டர் வேலை.
ஞாயிறு, விருதம்பட்டு ஷெட்டில்
டிப்ஸ்டிக்கை உருவி விரலில் தேய்த்து,
காப்பி நிறத்தில் இருக்கிறது ஆயில்,
"உனக்கு ஹெட் கேஸ்கட் போச்சு" என்று
உரக்கச் சொல்லலாம்.
மாசி கோபித்துக்கொள்வதில்லை.

ஏர் கிளீனருக்குள் எலிக்கூடு:
சாக்கு நூல், கோழி இறகு, பாதி ரேஷன் சீட்டு.
மேல்விஷாரம் லேத்து முஷ்தாக்
டீசல் பம்ப்பைத் துணியில் சுற்றி
பிள்ளையைப்போல் தூக்கிவந்து,
"இதுல போடுற காசுக்குத் தங்கம் வாங்கலாம் மேடம்" என்றார்.
தங்கம் உறுமாது, முஷ்தாக்.

ஸ்டாப் கேபிள் இருக்கவேண்டிய வேலைக்கு
யாரோ பச்சை நைலான் கயிறு கட்டியிருந்தார்கள்,
ஸ்டீரிங்குக்குக் கீழே, இடப்பக்கம்,
இரண்டு முடிச்சு,
பிடித்திழுக்க ஒரு ஜன்னல் கொக்கி.
அறுத்துப் பக்கெட்டில் போட்டேன்.
நூற்றெழுபது ரூபாய்க்குப் புதுக் கேபிள்
கம்பெனி வைத்த இடத்திலேயே, வலப்பக்கம்.

நாலாவது திருப்பில் பிடித்தது.
கறுப்புப் புகை, வெள்ளைப் புகை,
பிறகு ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லைக்காகத்தான் பதினோரு ஞாயிறுகள்.

வள்ளிமலைப் பக்கத்திலிருந்து
இரண்டு பஸ் மாறி ஒருவர் வந்தார்.
சுற்றிப் பார்க்கவில்லை. டயரை உதைக்கவில்லை.
வாங்க வருகிற எல்லோரும் டயரை உதைப்பார்கள்.
நேரே ஏறி உட்கார்ந்து,
கிளட்சைப் பாதிக்குமேல் ஒரு விரற்கடை மட்டும் மிதித்து
(அங்கேதான் அது பிடிக்கும், நான் சொல்லவில்லை)
ஷெட்டை ஒரு வட்டம் வந்தார்.
நிறுத்துவதற்கு
இடது கை ஸ்டீரிங்குக்குக் கீழே போய்
காற்றைப் பிடித்து இழுத்தது.
இஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.
அவர் தன் கையைப் பார்த்தார்.
நான் கேபிளைக் காட்டினேன்.

"இன்னா வெல?"
இரண்டு லட்சத்து ஐந்து என்று நோட்டில் இருந்தது;
பன்னிரண்டாயிரம் லாபம், என் கூலி சேர்க்காமல்.
ஒன்று தொண்ணூறு என்றது என் வாய்.
அவர் பேரம் பேசியிருக்கலாம்.
"பெயிண்ட் நல்லா கீது" என்றார்.

விற்பனைக் கடிதம் யார் பெயரில்?
"எங்க ஊட்டுக்காரி பேர்ல எழுது மேடம்."
பழைய ஆர்.சி.யில் கிரீஸ் படிந்த ஒரு பெயர்,
அப்பன் பெயர், வள்ளிமலை அஞ்சல்.
ஃபைலை மூடிவைத்துவிட்டுத்தான்
பேனாவைத் திறந்தேன்.
லேபில் பழகிய பழக்கம்.

புதன்கிழமை வந்து ஓட்டிப்போனார்.
அதற்குள் பக்கெட்டைக் கவிழ்த்துக்
கயிற்றைத் தேடியதும்
மண்ணெண்ணெயில் அலசியதும் நான்தான்.
கட்டவில்லை.
டூல் பாக்ஸில், பதினேழாம் நம்பர் ஸ்பேனருக்கு அடியில்
கொக்கியோடு சுருட்டி வைத்தேன்.
கட்டுவதோ எறிவதோ வண்டிக்காரர் பாடு.

நோட்டில் நஷ்டம் மூவாயிரம்.
காட்பாடி மேம்பாலத்தில் அது ஏறும் சத்தத்தை
ஷெட் வாசலில் நின்று கேட்டேன்.
மூன்றாவது கியரில் லேசாக ஒரு தட்டல்.
பம்ப் டைமிங்கை
ஒரு நூல் முந்தி வைத்துவிட்டேனோ?